பொங்கலுக்குப் பன்னிரண்டு பேர், நான்கு ராத்திரி: கட்டுப்படியாகும் செலவில் என்ன சமைக்கலாம்?

கடலூர் புதுப்பாளையத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். போகி ராத்திரி சென்னையிலிருந்து கொழுந்தனார் குடும்பமும் நாத்தனார் குடும்பமும் வருகிறார்களாம். வீட்டு ஆட்களையும் சேர்த்தால் பெரியவர்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் நான்கு பேர். காணும் பொங்கல் முடித்து மறுநாள்தான் கிளம்புவார்கள். பகல் சாப்பாடு மாமியார் பொறுப்பு, நான்கு ராத்திரியும் இவர் பொறுப்பு. போன வருஷம் இரண்டு ராத்திரி ஹோட்டலில் பார்சல் வாங்கியதிலேயே அந்த மாதப் பட்ஜெட் காலியாகிவிட்டதாம். இந்த முறை வீட்டிலேயே செய்ய வேண்டும், செலவும் கைக்குள் இருக்க வேண்டும், வந்தவர்கள் குறைச்சலாகவும் நினைக்கக் கூடாது. என்ன செய்யலாம் என்பது கேள்வி.

வளைகாப்பு, காதுகுத்து, காரியம் மாதிரி சின்ன விசேஷங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்வதுதான் என் தொழில். திருப்பாதிரிப்புலியூர் சுற்றுவட்டாரத்தில் முப்பது பேர், ஐம்பது பேர் என்று செய்துகொண்டிருக்கிறேன். பல பேருக்குச் சமைக்கும்போது காசை இழுப்பது கறியும் மீனும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நான் பார்த்த வரையில் காசை இழுப்பது ஐட்டம் எண்ணிக்கைதான். அவருக்கு இது பிடிக்கும், இவருக்கு அது பிடிக்கும் என்று ஐந்து வகை செய்தால் ஐந்துக்கும் தனித்தனியாக எண்ணெய், வெங்காயம், தேங்காய் போகும். ஆளுக்கு இரண்டு கரண்டி தொட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் அரைக் கிண்ணம் மிஞ்சும், மறுநாள் அதை யாரும் சீண்ட மாட்டார்கள். ஒரே குழம்பைப் பெரிய பாத்திரம் நிறைய, முழுக் கவனத்தோடு வைத்து, தொட்டுக்கொள்ள ஒன்று மட்டும் செய்து, சுடச்சுடப் பரிமாறினால் யாரும் குறை சொல்வதில்லை. நம்ம மாவட்டத்து வடலூரில் 1867-ல் வள்ளலார் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே பந்தியில் உட்காருகிறவர்களுக்கு வகைவகையாக ஒன்றும் போடுவதில்லை. சூடாக, வயிறு நிறையப் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் ராத்திரிக்கு ஒரு குழம்பு, ஒரு தொட்டுக்கை, ஒரே ஒரு விசேஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசேஷம் என்று நான் சொல்வது இலையில் பார்த்ததும் பிள்ளைகள் கை வைக்கிற சமாச்சாரத்தை. ஒருநாள் வடை, ஒருநாள் வறுத்த நெத்திலி, ஒருநாள் வெறும் அப்பளமாகக்கூட இருக்கலாம்.

அடுத்தது அளவு. பெரியவர்களுக்கு ஆளுக்கு 125 கிராம் அரிசி, பிள்ளைகளுக்கு அதில் பாதி. உங்கள் கணக்குக்கு 1¼ கிலோ அரிசி வடித்தால் சரியாக இருக்கும். பயத்தில் 2 கிலோ வடித்துவிட்டுக் காலையில் தலையில் கை வைக்கிறவர்கள்தான் அதிகம். மிஞ்சினாலும் படுக்கும் முன் மறக்காமல் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். விடிந்ததும் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துப் பழைய சோறாகக் கொடுத்தால், சென்னைக்காரர்கள் அதைத்தான் முதலில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

வாங்குகிற விஷயத்தில் நாள் பார்ப்பது முக்கியம். போகிக்கு முதல்நாளும் போகியன்றும் மார்க்கெட்டில் எதைத் தொட்டாலும் விலை ஏறியிருக்கும். பறங்கி, கருணைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, உருளை, சின்ன வெங்காயம், பூண்டு, புளி, தேங்காய் எல்லாம் நான்கைந்து நாள் முன்னாலேயே வாங்கி வைத்தாலும் கெடாது. கடைசி நாளுக்குப் பச்சை மொச்சை, கத்திரிக்காய், தக்காளி, கொத்தமல்லி மட்டும் போதும். உழவர் சந்தையில் அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், பேரம் பேச வேண்டிய வேலையில்லை. ஆனால் நல்ல காயாகப் பார்த்து எடுக்க வேண்டுமென்றால் விடிகாலையிலேயே போய்விடுங்கள். முருங்கைக்காய்க்கு ஆசைப்படாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் அதன் வரத்து குறைந்து விலை உச்சத்தில் இருக்கும். அந்தக் காசில் பறங்கி, முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாம் பை நிறைய வரும், இது அவற்றின் பருவம்.

ரேஷனை மறக்காதீர்கள். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும். பொங்கல் தொகுப்பில் 1 கிலோ பச்சரிசியும் 1 கிலோ சர்க்கரையும் ஒரு முழுக் கரும்பும் கொடுப்பார்கள். அந்தப் பச்சரிசியே சர்க்கரைப் பொங்கலுக்கும் வெண்பொங்கலுக்கும் தாராளம். ரேஷன் புழுங்கலரிசியை இட்லிக்குப் பயன்படுத்த யோசிக்கிறவர்கள் பாதி அது, பாதி கடை இட்லி அரிசி என்று கலந்து, நான்கைந்து தண்ணீர் விட்டு நன்றாகக் களைந்து ஊறவைத்துப் பாருங்கள். இட்லி பஞ்சுபோல வரும்.

சரி, இப்போது ஒவ்வொரு ராத்திரியாகப் பார்ப்போம்.

போகி ராத்திரி அவர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பண்டிகை நேரத்தில் சென்னையை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே பாதி ராத்திரி போய்விடும். ஒரு குடும்பம் ஒன்பது மணிக்கும் இன்னொன்று பன்னிரண்டு மணிக்கும் வந்து இறங்கலாம். சோறு வடித்து வைத்தால் ஆறிப்போகும். அதனால் இட்லிதான் சரி. வரவர அவித்துப் போடலாம், மாவு மிஞ்சினால் காலையில் தோசையாகிவிடும். பெரியவர்களுக்கு ஐந்து, பிள்ளைகளுக்கு மூன்று என்றால் 52 இட்லி ஆகிறது. 1 கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்டு அரைத்தால் இந்தக் கணக்குக்கு வந்துவிடும். தை மாதக் குளிரில் மாவு சட்டென்று பொங்காது, முதல்நாள் ராத்திரியே அரைத்து அடுப்பங்கரையில் கதகதப்பான மூலையில் வைத்துவிடுங்கள்.

தொட்டுக்கொள்ளப் பாசிப்பருப்பு சாம்பார். 300 கிராம் பருப்போடு அரைக் கிலோ பறங்கியைத் தோல் சீவிப் போட்டுக் குக்கரில் குழைய வேகவிட்டு மசித்துவிடுங்கள். பறங்கியே சாம்பாரைக் கெட்டியாக்கிவிடும், அதிகப் பருப்பு வேண்டியதில்லை. சின்ன வெங்காயம், தக்காளி வதக்கி, சாம்பார் பொடி போட்டு, புளியைப் பேருக்கு மட்டும் விட்டு இறக்கினால் எத்தனை முறை சூடு பண்ணினாலும் ருசி மாறாது. கூடவே காரச் சட்னி. தேங்காய் சட்னி வேண்டாம், பன்னிரண்டு பேருக்குத் தேங்காய் சட்னி அரைத்தால் இரண்டு மூன்று காய் போய்விடும். அந்தக் காயெல்லாம் அடுத்த நாட்களின் குழம்புக்கு வேண்டும்.

பொங்கலன்று பகலில் மாமியார் படையல் போட்டு, மொச்சை, பறங்கி, கருணை, வாழைக்காய், அவரை, கத்திரி, சர்க்கரைவள்ளி எல்லாம் சேர்த்துப் பல காய்க் குழம்பு வைப்பார், கூட்டும் பொரியலும் இருக்கும். அன்று ராத்திரிக்கு நீங்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். மாமியாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிக் குழம்பை மட்டும் கொஞ்சம் தாராளமாக வைக்கச் சொல்லுங்கள். பகல் பந்தி முடிந்ததும் மிஞ்சின குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிச் சுண்டக்குழம்பு வைத்துவிடலாம். தயிர்ப் பச்சடியை மட்டும் சேர்க்காதீர்கள். சாயங்காலம் வரை அப்படியே விட்டு வைக்கவும் கூடாது. நான்கு மணிக்குள் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும்.

இதற்கு மண்சட்டியோ அடி கனமான இரும்பு வாணலியோ வேண்டும். தீயைச் சின்னதாக வைத்து, அடிப்பிடிக்காமல் இடையிடையே கிளறிக்கொண்டு, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். முதலில் வெறும் தண்ணீராகக் கொதிக்கும். அப்புறம் கிழங்கெல்லாம் கரைந்து, குமிழி பெரிசு பெரிசாக வந்து ‘தொப் தொப்’ என்று உடையும். கடைசியில் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து கருஞ்சிவப்பாக நிற்கும். அந்தக் கட்டத்தில் நல்லெண்ணெயில் ஒரு உருண்டை தாளிப்பு வடகத்தை உதிர்த்துப் பொரித்துக் கொட்டுங்கள். தெருவே மணக்கும். சித்திரை வெயிலில் சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம் சேர்த்து விளக்கெண்ணெய் தடவி உருட்டிக் காயவைக்கிற அதே வடகம்தான். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோய் வடுவான் என்ற பெயரில் இன்றைக்கும் அவர்கள் சமையலில் போடுகிறார்கள். வீட்டில் ஒரு டப்பா வடகம் இருந்தால் பாதி மசாலாச் செலவு மிச்சம். கீரை, மீன் குழம்பு, கருவாட்டுக் குழம்பு என்று எதற்கும் ஒரு சிட்டிகை போதும்.

சுண்டக்குழம்போடு 1¼ கிலோ சோறு, ஒரு மிளகு ரசம், அப்பளம். காரம் தாங்காத பிள்ளைகளுக்குத் தயிர்சாதம். அந்த ராத்திரிக்குப் புதுச்செலவு அரிசியும் அப்பளமும்தான்.

மூன்றாவது ராத்திரிதான் சிக்கலான ராத்திரி. மாட்டுப் பொங்கலுக்குக் கறி வேண்டும் என்று ஆண்கள் கேட்பார்கள். அன்றைக்குத் திருவள்ளுவர் தினமும் சேர்ந்து வருவதால் இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி உத்தரவு வருவது வழக்கம். முன்னாடியே வாங்கி ஃப்ரிட்ஜில் திணித்து வைக்கலாம் என்றால், பண்டிகைச் சாமான் அடைத்த ஃப்ரிட்ஜில் அதற்கு இடமும் இருக்காது. என் யோசனையில் அன்றைக்குக் கறியே வேண்டாம், பச்சை மொச்சையைத் தோல் பிதுக்கி வைக்கிற பிதுக்குப்பருப்புக் குழம்பு வையுங்கள். மார்கழி, தை இரண்டு மாதம்தான் பச்சை மொச்சை நன்றாகக் கிடைக்கும், அதனால் இந்தக் குழம்பை வருஷத்தில் இப்போது விட்டால் அப்புறம் சாப்பிட முடியாது. கறி மசாலா அரைத்து ஊற்றுவதால் கறிக் குழம்பு வாசமே வரும். சென்னையில் இருக்கிறவர்களுக்கு இதைப் பிதுக்கி வைக்க நேரம் கிடைக்காது, அங்கே வருஷக்கணக்கில் சாப்பிடாமல் இருந்திருப்பார்கள். விருந்தாளிக்கு மரியாதை செய்ய இதைவிடப் பெரிய பதார்த்தம் நம்ம பக்கத்தில் இல்லை என்றே நினைக்கிறேன்.

பன்னிரண்டு பேருக்குக் காயாக வாங்கினால் 2½ கிலோவிலிருந்து 3 கிலோ மொச்சைக்காய் வேண்டும். உரித்தால் ஏறக்குறைய 1 கிலோ கொட்டை தேறும். பொங்கலன்று ராத்திரியே உரித்துத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். மறுநாள் காலையில் தோல் தளர்ந்து நெகிழ்ந்திருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் பருப்பு பிதுங்கி வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழும். திண்ணையிலோ கூடத்திலோ ஒரு பெரிய தாம்பாளத்தை நடுவில் வைத்துப் பிள்ளைகள் நான்கு பேரையும் சுற்றி உட்காரவையுங்கள். ஒருத்தன் பிதுக்கியது இன்னொருத்தி மூக்கில் போய் விழும். சண்டையும் சிரிப்புமாக வேலை முடிந்துவிடும். பெரியவர்களும் பேச்சு சுவாரசியத்தில் கை கொடுப்பார்கள். இதைத் தனியாக உட்கார்ந்து செய்தால் முதுகு போய்விடும். அதனால் தயவுசெய்து நீங்கள் மட்டும் அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள்.

மசாலாவுக்கு ஒரு மூடித் தேங்காய், இரண்டு கைப்பிடி பொட்டுக்கடலை, ஒரு ஸ்பூன் சோம்பு, ஒரு ஸ்பூன் கசகசா, பட்டை, கிராம்பு, இஞ்சி, ஒரு முழுப் பூண்டு எல்லாம் நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் இரண்டு மூடி போடுகிற இடத்தில் ஒன்று போட்டு மீதிக்குப் பொட்டுக்கடலை போட்டால் கெட்டியும் வரும், காசும் மிஞ்சும். எண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, கால் கிலோ சின்ன வெங்காயம், அரைக் கிலோ தக்காளி வதக்கி, அரைக் கிலோ கத்திரிக்காயும் அரைக் கிலோ உருளையும் பெரிய துண்டாக நறுக்கிப் போடுங்கள். மஞ்சள், உப்பு, மெஷினில் அரைத்து வைத்த குழம்பு மிளகாய்த்தூள் நான்கைந்து மேசைக்கரண்டி போட்டுத் தண்ணீர் விட்டு, உருளை முக்கால் வேக்காடு வந்ததும் பிதுக்கின பருப்பைப் போடுங்கள். குக்கர் கூடவே கூடாது. தோல் நீங்கின பருப்பு கால் மணி, இருபது நிமிஷத்தில் வெந்துவிடும், குக்கரில் வைத்தால் கூழாகிவிடும். விரலால் நசுக்கினால் மாவாக மசிய வேண்டும், ஆனால் உருவம் கலையக் கூடாது. அப்போது அரைத்த மசாலாவை ஊற்றி ஐந்து பத்து நிமிஷம் கொதிக்கவிட்டுக் கொத்தமல்லி தூவி இறக்குங்கள். புளி வேண்டாம், தக்காளிப் புளிப்பே போதும்.

இதைச் சோற்றிலும் ஊற்றலாம், தோசைக்கும் தொடலாம். அன்றைக்கு விசேஷமாக மசால் வடை போடுங்கள். அரைக் கிலோ கடலைப்பருப்பில் நடுத்தர அளவில் முப்பதுக்கு மேல் வரும். எண்ணெய்ச் சட்டி வைக்கிற நாளை இந்த ஒரு நாளோடு நிறுத்திக்கொண்டு, அப்பளம், வற்றல், வடை மூன்றையும் அதே எண்ணெயில் முடித்துவிடுவது நல்லது. பொங்கலன்று வேண்டிய அப்பளத்தைத் தணலில் சுட்டுக்கொள்ளலாம். மிஞ்சின எண்ணெயை வடிகட்டி மறுநாள் தாளிக்க எடுத்துக்கொண்டு தீர்த்துவிடுங்கள், மறுபடி மறுபடி பொரிக்க வைத்திருக்காதீர்கள்.

பின்கட்டில் இடமிருந்து வீட்டுச் சொந்தக்காரரும் சம்மதித்தால் மூன்று கல் கூட்டி விறகு அடுப்பு போட்டுக்கொள்ளுங்கள். நம்ம பக்கம் சவுக்கு விறகுக்கும் முந்திரிக் கட்டைக்கும் பஞ்சமில்லை. பன்னிரண்டு பேருக்குச் சோறு வடிப்பதையும் குளிக்க வெந்நீர் போடுவதையும் அங்கே தள்ளிவிட்டால், பண்டிகை நடுவில் சிலிண்டர் தீர்ந்துவிடுமோ என்ற பயம் இருக்காது.

காணும் பொங்கலன்று பகலில் எல்லோரும் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குத்தான் போவீர்கள். அங்கே கடைகளில் பிள்ளைகள் கேட்பதையெல்லாம் வாங்கிக் கொடுத்தால் நான் இதுவரை சொன்ன சிக்கனம் எல்லாம் அங்கே கரைந்துவிடும். கையில் புளிச்சோறும் சுண்டலும் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கும் எடுத்துக்கொண்டு போய், அவர்களுக்கு ஆளுக்கு ஒரு ஐஸோ பஜ்ஜியோ என்று நிறுத்திக்கொள்ளலாம்.

ராத்திரிக்கு மீன் குழம்பு. கடலூருக்கு வந்துவிட்டு மீன் சாப்பிடாமல் போனால் வந்தவர்களுக்கு மனசு ஆறாது. வஞ்சிரம், வவ்வால் பக்கம் போகாதீர்கள். காணும் பொங்கலன்று எல்லோரும் மீன் கேட்பதால் விலை ஏறியேதான் இருக்கும், அதிலும் அந்த இரண்டின் விலை கேட்கவே முடியாது. முதுநகர் துறைமுகத்துக்கு விடியற்காலையில் யாரையாவது வண்டியில் அனுப்பிக் காணாங்கெளுத்தி 1½ கிலோ வாங்கச் சொல்லுங்கள். கவலை மீன் இன்னும் மலிவு, ருசியும் அதிகம் என்பேன், ஆனால் பொடிமுள் இருக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு நடுமுள்ளோடு கழன்று வருகிற காணாங்கெளுத்திதான் பயமில்லாதது. கூட அரைக் கிலோ நெத்திலி வாங்கி மிளகாய்த்தூள், உப்பு, மஞ்சள் பிசறித் தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மொறுமொறுப்பாக வறுத்துவிட்டால் அன்றைய விசேஷம் அதுதான். அங்கேயே வெட்டிச் சுத்தம் செய்து தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் கல்லுப்பு போட்டு இரண்டு முறை உரசிக் கழுவினால் போதும்.

குழம்பை வெளியே கிளம்புவதற்கு முன்னாலேயே வைத்துவிடுங்கள். பெரிய எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டைப் புளி, கால் கிலோ சின்ன வெங்காயம், ஒரு முழுப் பூண்டு, ஐந்து தக்காளி, மிளகாய்த்தூள் ஐந்தாறு மேசைக்கரண்டி. நல்லெண்ணெயில் வெந்தயமும் வடகமும் தாளித்து, வெங்காயம், பூண்டு, தக்காளி குழைய வதங்கினதும் தூள் போட்டுப் புரட்டிப் புளிக்கரைசலை ஊற்றுங்கள். பச்சை வாசம் போய் மேலே எண்ணெய் மிதக்கும் வரை நன்றாகக் கொதிக்க வேண்டும், பலபேர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். குழம்பு முழுசாக வெந்த பிறகுதான் மீன். போட்டு எட்டுப் பத்து நிமிஷம், அதற்குமேல் வேண்டாம். கரண்டி விடாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். பகலில் வைத்த மீன் குழம்பில் ராத்திரிக்குள் காரமும் புளியும் மீனில் இறங்கியிருக்கும். களைத்துப்போய் வீடு திரும்பினதும் சோறு மட்டும் வடித்துக் குழம்பை ஒரு கொதி விட்டால் சாப்பாடு தயார்.

மீன் விலை அன்றைக்கு நிஜமாகவே கட்டுப்படியாகாது என்று தோன்றினால் கருவாடு இருக்கிறது. காராமணிக்குப்பம் வாரச் சந்தையில் கருவாடு வாங்குவதற்காகவே பல ஊர்க்காரர்கள் வருகிறார்கள். பொங்கலுக்கு முந்தைய சந்தையில் கால் கிலோ வாளைக் கருவாடோ நெத்திலிக் கருவாடோ வாங்கி வைத்துவிட்டால் கத்திரிக்காய், மொச்சைக்கொட்டை போட்டுப் பன்னிரண்டு பேருக்குக் குழம்பு ஆகிவிடும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அலசியபின் போடுங்கள், குழம்புக்கு உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கோழிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதையும் இந்த ராத்திரிக்கே வைத்துக்கொள்ளலாம். உயிர் எடைக்கு வாங்கினால் கிலோவுக்கு முக்கால் கிலோவுக்கும் குறைவாகத்தான் கறி தேறும், அதைக் கணக்கில் வைத்து விலையை ஒப்பிடுங்கள். வெட்டின கறி 1½ கிலோ, உருளை முக்கால் கிலோ போட்டுக் குழம்பாக வைத்தால் எல்லோருக்கும் வரும். பிரியாணி, வறுவல் என்று போனால் இரண்டு மடங்கு வேண்டியிருக்கும்.

இனிப்புக்கு என்று ராத்திரியில் தனியாகச் செலவு செய்யத் தேவையில்லை. பகலிலேயே சர்க்கரைப் பொங்கல், கரும்பு என்று வாய் இனித்துப் போயிருக்கும். சர்க்கரைப் பொங்கலையும் ஆளுக்கு 40 கிராம் அரிசிக்கு மேல் கணக்குப் போட வேண்டாம், அரைக் கிலோ பச்சரிசி போதும். வெல்லம் வாங்கும்போது வெளிர் மஞ்சளாகப் பளபளப்பாக இருப்பதைத் தேடாதீர்கள், அந்த நிறம் பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்ததால் வருவது. கருத்த பாகு வெல்லத்துக்குத்தான் மணம். முந்திரியும் முழுப்பருப்பாக வேண்டாம். பண்ருட்டிப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் உடைசல் பருப்பு வாங்கித் தரச் சொல்லுங்கள். நெய்யில் வறுத்துப் போட்டபின் முழுசுக்கும் உடைசலுக்கும் ருசியில் ஒரு வித்தியாசமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிளம்பும் முன் நாத்தனார் போன் பண்ணி, "அண்ணி, என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்பார். "ஒண்ணும் வேணாம், நீங்க வந்தா போதும்" என்று வழக்கமாகச் சொல்வதை இந்த முறை சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் இரண்டு கிலோ ஸ்வீட் பாக்ஸ் வரும், அதை யாரும் தின்ன மாட்டார்கள். "நெய் அரைக் கிலோ, பருப்பு ஒரு கிலோ வாங்கிட்டு வாங்க" என்று உரிமையோடு சொல்லுங்கள். கொழுந்தனார் கேட்டால் மீன் செலவை அவரிடமே விட்டுவிடுங்கள். துறைமுகத்துக்குப் போய் மீன் வாங்கி வருவது அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். அண்ணன் வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு கை கொடுப்பதில் கௌரவக் குறைவு யாருக்கும் இல்லை. பாத்திரம் கழுவுவதையும் முதல் நாளே பிரித்துக்கொள்ளுங்கள். நான்கு ராத்திரியும் நீங்களே நின்று கழுவினால் ஐந்தாம் நாள் எழுந்திருக்க முடியாது.

யாராவது இரண்டு நாள் கூடத் தங்கினால் தை 5-ஆம் தேதி ஆற்றுத் திருவிழாவும் பார்த்துவிட்டுப் போகலாம். பெண்ணையாற்றங்கரையில் சிறுவள்ளிக்கிழங்கு குவித்து வைத்து விற்பார்கள். வாங்கி வந்து உப்புப் போட்டு வேகவைத்தால் அன்று சாயங்காலப் பலகாரம் அதுதான்.

ஊருக்குக் கிளம்புகிற நாளுக்குக் கட்டுச்சோறு. புளிக்காய்ச்சலைப் போகிக்கு முன்னாலேயே ஒரே தடவையாகக் காய்ச்சி வைத்துவிடுங்கள். 200 கிராம் புளி, 150 மில்லி நல்லெண்ணெய், பதினைந்து காய்ந்த மிளகாய், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, பெருங்காயம், கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயமும் மல்லியும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சினால் பீச்சுக்கும் வழிப்பயணத்துக்கும் சேர்த்து ஆகும். ஈரக் கரண்டி படாமல் பாட்டிலில் வைத்தால் ஒரு வாரம் கெடாது. கிளம்பும் நாள் விடியற்காலையில் 1 கிலோ அரிசியை உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, நன்றாக ஆறினபின் கிளறுங்கள். சூட்டோடு கிளறி மூடி வைத்தால் திண்டிவனம் தாண்டுவதற்குள் வியர்த்துப் போயிருக்கும்.